தண்ணீர் போகும், உப்பு போகாது

உப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். குழம்பில் ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டேன். இப்படிப்பட்டவனுக்கு ஐம்பதைத் தாண்டியதும் ரத்த அழுத்தம் வந்தது. மனைவி நர்ஸ். பதினாறு வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு மைசூருக்கு வந்தவள், வந்த வாரத்திலேயே என் தட்டில் உப்பைப் பாதியாக்கினாள். ஊறுகாய் ஜாடி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அடுத்த மாதமே ஒரு வாளி நிறைய உப்பைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். அது எனக்கல்ல, மீனுக்கு.

வந்தாள் என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு வரவில்லை, நீண்ட விடுப்பில் வந்திருந்தாள். விருப்பமிருந்தால் ஜூனுக்குள் மறுபடி வந்து சேரலாம் என்று அங்குள்ள மருத்துவமனை அவள் இடத்தை வைத்திருந்தது. மகள் படிப்பு முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். இனி இவள் கடல் கடந்து போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இங்கே இருந்தாக வேண்டிய காரணமும் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. போவாளா, இருப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். எனக்கு அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் இருவருக்குமே விட்டுப்போயிருந்தது.

அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் சுவரளவுக்கு ஒரு கடல் தொட்டி இருந்ததாம். பவளம், இறால், கோமாளி மீன் எல்லாம் இருக்குமாம். ஷிஃப்ட் இடைவேளையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவாளாம். கணக்குப் பார்த்தால் என்னோடு சாப்பிட்டதைவிட அந்த மீன்களோடு அவள் சாப்பிட்ட வேளைகள்தான் அதிகம். அதனால் ஒருநாள் காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "கூடத்துல ஒரு கடல் தொட்டி வைக்கலாம்னு பாக்கறேங்க" என்றபோது எனக்கு ஆச்சரியமில்லை.

உடனே சரி என்றேன். மீன் மேல் ஆசையால் அல்ல. மண்டி மொஹல்லாவில் மீன் தொட்டி விற்கும் கடைக்காரர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார்: நல்ல தண்ணீர்த் தொட்டி மாதிரி இன்று வைத்து நாளை மீன் விடுகிற சமாசாரம் இல்லை இது, தண்ணீர் பழகவே மாதக்கணக்காகும், பவளம் பிடித்து வளர ஒரு வருஷமாவது ஆகும். ஒரு வருஷம் என்ற சொல் என் காதில் தேன் பாய்ந்தது போல விழுந்தது. ஜூனில் கிளம்பப் போகிறவள் ஒரு வருஷ வேலையை இழுத்துப்போட்டுக்கொள்வாளா?

ஆனால் உப்பு வாங்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கடல் உப்பு இரண்டு அளவில் வந்தது, சின்ன வாளி, பெரிய வாளி. "பெரிசா வாங்கிட்டா ஒரு வருஷம் கவலையே இல்ல மேடம்" என்றார் கடைக்காரர். நானும் பெரிய வாளியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டேன். அவள் சின்னதைக் காட்டி, "இப்போதைக்கு இது போதும்" என்றாள். வழியெல்லாம் அந்த 'இப்போதைக்கு' ஸ்கூட்டரின் பின்சீட்டில் எங்களோடு வந்தது.

நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. அதன் பாரம் தாங்க இரும்பு ஸ்டாண்ட் ஒன்றை வெல்டிங் செய்ய வைத்தோம். அடியில் மணல் போட்டோம். அடுக்க வேண்டிய பாறைக்குக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஒரிஜினல் பவளக்கல்லே இருக்கு" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையை எந்த வார்டிலும் எந்த நோயாளியும் மறுத்திருக்க முடியாது. "கடல்லேர்ந்து கல் பவளத்தை எடுக்கறது சட்டப்படி குத்தம். வீட்டுக் கூடத்துல வைக்கறதுக்காகக் கடலை உடைக்கணுமா?" என்றாள். சுட்ட மண்ணில் செய்த ஓட்டைப் பாறைகளை வாங்கினோம். பவளத்திலும் கல்லாக வளராத, காளான் போல மெத்தென்று விரிகிற வகை மட்டும்தான் வாங்குவதென்று முடிவாயிற்று.

தண்ணீர் தயாரிப்பதை ஒரு பூசை மாதிரி செய்தாள். குழாய்த் தண்ணீர் ஆகாது, குளோரின் இருக்கும். சமையலறையில் புதிதாக மாட்டிய ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் பிடித்து, டிரம்மில் ஊற்றி, உப்பைக் கலக்கி, ஒரு நாள் முழுக்க மோட்டாரில் சுழலவிட்டாள். பிறகு சின்ன டெலஸ்கோப் மாதிரி ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னலைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, உள்ளே தெரிகிற கோட்டைப் படித்தாள். உப்பு ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுமாம். "என்னை மாதிரியே" என்றேன். சிரித்தாள். அவள் வந்து நான் பார்த்த முதல் நல்ல சிரிப்பு அதுதான்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கூடப்பிறந்த ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அக்ரஹாரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். என் மனைவி முதல் தடவை விமானம் ஏறிய மறுநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்குத் தலை பின்னி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு வராத நாளே இல்லை. குழந்தை பெரியவளாகிப் பெங்களூருக்குப் போன பிறகும் எனக்காக வந்துகொண்டிருந்தாள். என் மனைவி வந்த பிறகும் வந்தாள்.

இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் தேவலை. "டீ வடிகட்டி எங்க அண்ணி?" என்று என் மனைவி கேட்பாள். தன் வீட்டு வடிகட்டியை. அக்கா எழுந்து போய் எடுத்துக் கொடுப்பாள், இடத்தைச் சொல்ல மாட்டாள். சமையலறையில் ஒரு பெரிய செம்புக் குடம் இருந்தது. குழந்தை சின்னவளாக இருக்கும்போது அடிக்கடி வயிற்றுக் கோளாறு வருமென்று, அக்ரஹாரத்து மாமிகள் சொன்ன யோசனையின்படி அக்கா வாங்கிவைத்த குடம். ராத்திரி முழுக்கச் செம்பில் இருந்த தண்ணீரைத்தான் என் மகள் குடித்து வளர்ந்தாள். ஆர்.ஓ. வந்ததும் என் மனைவி அந்தக் குடத்தைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள். அக்கா அண்ணாந்து பார்த்தாள். அன்று மதியம் எனக்குப் பரிமாறும்போது, "அந்த மெஷின் தண்ணி செத்த தண்ணிடா" என்றாள்.

தொட்டியில் மீன் விடுவதற்கு முன்னால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வளர வேண்டும், மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பவை அவைதான் என்றாள் மனைவி. அவை வளர ஏதாவது அழுக வேண்டும். மார்க்கெட்டிலிருந்து ஓர் இறாலை வாங்கி அப்படியே தொட்டியில் போட்டாள். அக்கா பதறிவிட்டாள், கன்னடம் கலந்த அவளுடைய மைசூர்த் தமிழில்.

"ஐயோ, நல்ல எறாலும்மா! வறுத்தா இவனுக்கு ஒரு வாய் ஆகும். சும்னே போட்டு அழுக விடுறியே?"

"அழுகினாத்தான் அண்ணி உயிர் வரும்."

"நல்லா இருக்கு கதை" என்றாள் அக்கா. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, இறால் எவ்வளவு அழுகியிருக்கிறது என்று எனக்குச் சேதி சொல்லத் தொடங்கினாள். வாரக்கணக்கில் வெறும் தண்ணீரையும் கல்லையும் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நல்லது என்பதுதான் என் கட்சி.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ஜோடி கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்தவை. பையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மீன்களை ஒரு வாளியில் விட்டு, தரையில் வைத்து, மருந்துப் பெட்டியிலிருந்து புது டிரிப் செட் ஒன்றை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற அதே குழாய். ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறு முனையிலிருந்து வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி சக்கரத்தைத் திருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினாள்.

"மீனுக்கே டிரிப் போடுறியா?" என்றேன்.

"அது வந்த தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. ஒரேடியா விட்டா அதிர்ச்சியில செத்துடும். கொஞ்சங் கொஞ்சமா கலக்கணும்."

விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வீட்டுக்குள் வந்து இறங்கியவளைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பு வந்தது. எங்களுக்கு யாரும் டிரிப் போடவில்லை. பதினாறு வருஷத் தண்ணீரை ஒரே மாலையில் கலந்துவிட்டு, இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். இதைச் சொல்லியிருக்கலாம். "காபி வேணுமா?" என்று கேட்டேன்.

அடுத்து, கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்ன நத்தைகள் வந்தன. பிறகு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு சிவப்பு இறால்கள், மீனின் உடம்பிலேறிச் சுத்தம் செய்பவை. அவற்றை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. "இதுகளும் உன்னைப் போல நர்ஸுதான் போல" என்று என் மனைவியிடம் சொன்னாள். கடைசியாகக் காளான் பவளங்கள், நீலமும் பச்சையுமாக ஒரு கைப்பிடி. விளக்கெரிந்தால் அப்பளம் பொரிவது போல மெல்ல விரியும், அணைந்தால் சுருங்கிக்கொள்ளும். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவை விரிந்திருக்கின்றனவா என்று பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. மீன் மேல் ஆசையில்லை என்று சொன்னவன்தான்.

தொட்டியின் பக்கவாட்டில் ஒரு நீல டேப் ஒட்டியிருந்தாள். தண்ணீர் தினமும் ஆவியாகி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கும். குறைந்ததை நிரப்ப வேண்டும். நான் உப்புத் தண்ணீர் டிரம்மை நோக்கிப் போனேன்.

"உப்புத் தண்ணி கூடாதுங்க. ஆவியாறது வெறும் தண்ணிதான். தண்ணி போகும், உப்பு போகாது. மறுபடி உப்புத் தண்ணி ஊத்தினீங்கன்னா உள்ள உப்பு ஏறிக்கிட்டே போயிடும்."

இது எனக்கு விளங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அக்காவுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. குழம்பை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் கரிக்கிற கதைதானே என்றாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் என் மனைவி சென்னைக்குக் கிளம்பினாள். மறுபடி வேலையில் சேர வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். "சேர்றனோ இல்லையோ, பேப்பர் ரெடியா இருக்கட்டும்னு பாக்கறேன்" என்றாள் துணி மடித்துக்கொண்டே. தங்கை வீட்டில் தங்கி, முடித்துக்கொண்டு வர இரண்டு மூன்று வாரமாகும். நான் சரி என்றேன். எனக்குள் எரிந்தது. பேப்பர் ரெடியானவர்கள் போகாமல் இருந்த கதை எங்கள் சர்ச்சில் ஒன்றுகூட இல்லை.

கிளம்பும் முன் என்னைத் தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "வார்டுல ஷிஃப்ட் முடிச்சுப் போறவ, வர்றவளை ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நிறுத்தி எல்லாத்தையும் சொல்லணும். ஹேண்ட்ஓவர்னு பேரு. வர்றவ 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் போறவ வீட்டுக்குப் போகக் கூடாது. சொல்லிட்டா அப்புறம் அவ பொறுப்பு, அவ வார்டை விட்டு நகரக் கூடாது" என்றாள். பிறகு தீனி எவ்வளவு, விளக்கு எப்போது, கரண்ட் போனால் எந்தப் பேட்டரி மோட்டாரைப் போடுவது, டேப் வரை ஊற்ற நீலக் கேனில் பிடித்துவைத்த ஆர்.ஓ. தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் ஏறினால் தொட்டியின் மேல் ஃபேன் போட வேண்டும், ஃபேன் போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும் என்றும் சொன்னாள்.

"எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

அவள் போன மூன்றாம் நாள் என் காப்பீட்டு அலுவலகம் என்னைத் தற்காலிகமாகச் சாமராஜநகர் கிளைக்கு அனுப்பியது. விடிகாலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். வேறு வழியில்லாமல் தொட்டியை அக்காவிடம் ஒப்படைத்தேன். மனைவி சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன். நீலக் கேன், டேப், ஃபேன். ஒன்றையும் விடவில்லை.

அக்காவும் ஒன்றையும் விடவில்லை. அதுதான் வினை. நீலக் கேனிலிருந்த ஆர்.ஓ. தண்ணீரைத்தான் எடுத்தாள். ஆனால் செத்த தண்ணீரை உயிருள்ள பிராணிக்கு எப்படி ஊற்றுவது? பரணிலிருந்து செம்புக் குடத்தை இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். ஒவ்வொரு மாலையும் கேன் தண்ணீரை அதில் ஊற்றிவைத்து, மறுநாள் காலையில் டேப் வரை தொட்டியில் ஊற்றினாள். என் மகளுக்குச் செய்தது போலவே மீனுக்கும் செய்தாள். அந்த வருஷம் வெயிலும் கொளுத்தியது. ஃபேன் ஓட ஓடத் தண்ணீர் இறங்கியது, குடம் குடமாக ஊற்றினாள்.

நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்து மணலில் கிடந்தபோது தூங்குகின்றன என்றாள். சிவப்பு இறால் ஒன்று மல்லாந்து கிடந்தபோது நானும் பார்த்தேன். இறால் வளரும்போது தோலை உரித்துப் போடும், வெறும் தோல் செத்த இறால் மாதிரியே இருக்கும் என்று மனைவி முன்பு சொல்லியிருந்தாள். தோல்தான் என்று நானும் அக்காவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பவளங்கள் விளக்கெரிந்தும் விரியவில்லை. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. மீன் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்தாள். பையை இறக்காமலே தொட்டியைப் பார்த்தாள். பிறகு தொட்டியின் பக்கத்து ஸ்டூலில் பளபளவென்று உட்கார்ந்திருந்த குடத்தைப் பார்த்தாள். ஒரு சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, "செம்பு" என்றாள். மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது; அவற்றுக்குச் செம்பு விஷம். அதிலும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றுமில்லாததால் அது செம்பை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும், புளி போட்டுத் தேய்த்தது வேறு. இதையெல்லாம் என்னிடம் நோயாளியின் உறவினரிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

பூசை முடிந்து அக்கா உள்ளே வந்தபோது என் மனைவி குழாய் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். குடம் மறுபடி பரணில் இருந்தது. அக்கா குடத்தைப் பார்த்தாள், வாளியில் செத்துக் கிடந்த இரண்டு இறால்களையும் பார்த்தாள்.

"என்னாச்சும்மா?"

"செம்பு இதுகளுக்கு விஷம் அண்ணி" என்றாள் மனைவி, நிமிராமலே.

அக்கா வாளிப் பக்கம் குனிந்தாள். "அந்தத் தண்ணியத்தான் நம்ம பாப்பாவுக்கும் குடுத்தேன்" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால், "ஒண்ணும் இல்லடா, ஸ்வல்ப முட்டி வலி" என்றாள். மழைக்கும் காய்ச்சலுக்கும் நிற்காதவளுக்கு முட்டி வலியாம்.

வீட்டில் தண்ணீர் வேலை மட்டும் நடந்தது. தினமும் பழைய தண்ணீரை இறைத்துப் புதுசை ஊற்றினாள். செம்பை உறிஞ்சுகிற பொடிப் பை ஒன்றைத் தொட்டியில் தொங்கவிட்டாள், கரியும் போட்டாள். சின்ன வாளி உப்பு தீர்ந்தது. கடைக்குப் போகும்போது, "எந்த வாளி வாங்கட்டும்?" என்று கேட்டேன், கேட்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு. "எது இருக்கோ அது" என்றாள். கடையில் சின்னதுதான் இருந்தது. அவளுடைய பேப்பர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அப்படியே இருந்தன. நான் தட்டு வைக்கும்போதெல்லாம் அவற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

நான்கைந்து நாள் பொறுத்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"எறால் செத்ததுக்கு ராப்பகலா இவ்வளவு பாக்கறே. அக்கா வரல, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா? உனக்கென்ன, ஜூன்ல ஃப்ளைட் ஏறிடுவே. அவளும் வராம நீயும் போயிட்டா நான் இந்தத் தொட்டிகூடத்தான் பேசிக்கிட்டு இருக்கணும்!"

கத்திய பிறகுதான் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததையும் சொல்லிவிட்டது தெரிந்தது. அவள் குழாயைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நான் சண்டையை எதிர்பார்த்தேன்.

"வண்டிய எடுங்க" என்றாள். "அண்ணி வீட்டுக்குப் போலாம்."

அக்ரஹாரத்துக்குப் போனோம். அக்கா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்ததும் முட்டியைப் பிடித்துக்கொள்ள மறந்துபோனாள். உள்ளே இருந்தது ஒரு நாற்காலியும் ஒரு கட்டிலும். என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். அக்கா நாற்காலியில் உட்கார, என் மனைவி கட்டில் பக்கத்திலேயே நின்றாள்.

"தப்பு உங்க மேல இல்ல அண்ணி. செம்பு ஆகாதுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். பாப்பாவுக்கு அது நல்லதுதான் செஞ்சுச்சு, ஒண்ணும் ஆகல."

"ஆயிது, விடும்மா. அந்த ரெண்டு எறாலும் நெனப்புலயே நிக்குது."

"இன்னொண்ணு. நான் வந்தப்ப உங்ககிட்ட ஹேண்ட்ஓவர் வாங்கல. பதினாறு வருஷம் நீங்க டியூட்டில இருந்தீங்க, நான் பாட்டுக்கு வந்து குடத்தைத் தூக்கிப் பரண்ல போட்டேன். இப்ப குடுங்க."

"என்ன குடுக்கறது?"

"எல்லாம்."

அக்கா சிலிண்டரில் ஆரம்பித்தாள். எந்தப் பையனிடம் சொன்னால் சீக்கிரம் வரும் என்றாள். டீ வடிகட்டி இருக்கும் இடத்தைச் சொன்னாள். பாப்பா பயந்தால் கன்னடத்தில் பேசுவாள், கோபம் வந்தால் தமிழில் பேசுவாள், அவள் தமிழில் பேசினால் பதில் பேசாமல் சோறு போட வேண்டும் என்றாள். மொட்டை மாடிக் குழாய் எந்த மாதத்தில் அடைக்கும் என்றாள். அப்புறம் என்னிடம் வந்தாள். இவனுக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டான். மாத்திரை போட்டேன் என்பான், பாதி நாள் போட்டிருக்க மாட்டான். பல் வலியை ஒரு மாதம் மறைத்தான்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

"பேஷன்ட் நடுவுல பேசக் கூடாது" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமலே.

அக்கா சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக் கேட்டாள், இடையிடையே கேள்வி கேட்டாள். அக்காவின் முகத்தில் மெல்ல ஏதோ இறங்கியது. தலைச்சுமையை இறக்கிவைத்தவளைப் போலத் தோளைத் தடவிக்கொண்டாள்.

"அவ்வளவுதான்னு நெனைக்கறேன்" என்றாள். பிறகு நான் இத்தனை மாதமாகக் கேட்காததை ரவிக்கை அளவு கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்: "நீ மறுபடி போறியாம்மா, இருக்கியா? போறேன்னா சொல்லிடு, நான் முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு வந்துடறேன்."

மனைவி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினாள். ஜன்னல் வழியாக என் ஸ்கூட்டர் தெரிந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆங், ஒண்ணு விட்டுட்டேன்" என்றாள் அக்கா. "இவன் உப்பு சரியில்லன்னு சண்டை போடுவான்ல? எல்லா நாளும் இல்ல. லீவு முடிஞ்சு நீ ஃப்ளைட் ஏறின அன்னிக்கெல்லாம் தவறாம போடுவான். தட்டைத் தள்ளிவெச்சுட்டு எழுந்து போயிடுவான். அந்தக் குழம்பை மறுநாள் நான்தான் சூடு பண்ணிச் சாப்பிடுவேன். உப்பு சரியாத்தாம்மா இருக்கும்."

இதுவரை என்னைப் பார்க்காத மனைவி இப்போது பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் இருமலாக மாற்றப் பார்த்தேன்.

"எடுத்துக்கிட்டேன் அண்ணி" என்றாள்.

திரும்பும் வழியில் மண்டி மொஹல்லாவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். புதுச் சரக்கு வந்திருந்தது. பெரிய வாளி உப்பு ஒன்றை வாங்கி என் கால்களுக்கு நடுவில் வைத்தாள். வீடு வரும்வரை முழங்காலை விரித்துக்கொண்டு ஓட்டினேன்.

அன்று சாயங்காலம் பவளத்தில் ஒன்று பாதி விரிந்திருந்தது. சாப்பாட்டில் உப்பு நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.